ஒன்பதாம் நம்பர் ஸ்டாலிலிருந்து ஒரு திறந்த மடல்

போன மாதம் நம் ஊரில் நடந்த கட்டற்ற மென்பொருள் மாநாட்டின் ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில், ஒன்பதாம் நம்பர் ஸ்டாலில் இருந்தவர்கள் நாங்கள்தான். சத்துவாச்சாரியில் ஏழு பேர் வேலை செய்யும் சிறிய நிறுவனம். தோல் தொழிற்சாலைகளுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் இருப்புக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறோம். மாநாடு முடிந்த மறுவாரம் நீங்கள் அனுப்பிய படிவத்தில் 'ஸ்டால் அனுபவம் எப்படி?' என்று கேட்டு, பதிலுக்கு ஐந்து நட்சத்திரம் வைத்திருந்தீர்கள். நட்சத்திரத்தில் அடங்குகிற விஷயமாக இல்லை. உங்களுக்குத் தனியாகவே எழுதியிருக்கலாம்தான். ஆனால் அடுத்த ஆண்டு ஸ்டால் போடலாமா என்று யோசிப்பவர்களும், இனிமேல் வேண்டாம் என்று முடிவு கட்டியவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் வைக்கிறோம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறோம். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று மூலநிரலைத் திறந்து வைக்கிற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கென்று வேலூரில் ஒரு மாநாடு நடத்தியதே பெரிய விஷயம். காட்பாடியில் ரயில் ஏறி சென்னைக்கோ பெங்களூருக்கோ போனால்தான் இந்த மாதிரிக் கூட்டம் என்று பழகிப்போயிருந்தோம். காலையில் போய் ராத்திரி திரும்பிவிடலாம் என்பதுதான் நம் ஊருக்கு வரமும் சாபமும். இரண்டு பெரிய ஊருக்கும் நடுவில் இருப்பதால், இங்கேயும் ஒன்று வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. உங்களுக்குத் தோன்றியது. கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்ததைச் சிலர் கிண்டல் செய்தார்கள். நாங்கள் செய்ய மாட்டோம். முந்தின நாள் வரவேற்பின் ஜிகினா இன்னும் தொங்கிக்கொண்டிருந்த மேடையில் நின்று ஒருவர் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னல் பற்றிப் பேசியது அழகாகத்தான் இருந்தது. மதியச் சாம்பாரில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய். வெளியூர்க்காரர்கள் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

இனி ஸ்டால் விஷயம்.

சாப்பாட்டுக் கூடத்தைப் பாதியாகப் பிரித்து, ஒரு பக்கம் பந்தி, ஒரு பக்கம் பன்னிரண்டு ஸ்டால். எங்களுக்குக் கிடைத்தது பந்தி போடும் அதே நீள இரும்பு மேசை, அதன்மேல் அதே பேப்பர் ரோல். நான்கு ஸ்டாலுக்கு ஒரே பிளக் பாயிண்ட். பதினோரு மணிக்கெல்லாம் வைஃபை மூச்சை விட்டது. எங்களுக்கு அதனால் நஷ்டமில்லை. தோல் தொழிற்சாலை டிரம் கொட்டகையில் என்றைக்கு நெட் இருந்தது? எங்கள் மென்பொருளே நெட் இல்லாமல் ஓடுவதற்காக எழுதியதுதான். வெயிலைப் பற்றி எழுதப் போவதில்லை. வேலூர்க்காரன் வெயிலைப் புகார் சொன்னால் யார் கேட்பார்கள்?

புகார் முத்திரை அட்டையைப் பற்றி.

மாணவர்கள் எல்லா ஸ்டாலையும் பார்க்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் அதைச் செய்தீர்கள் என்று புரிகிறது. பத்து ஸ்டாலில் சீல் வாங்கினால் டி-ஷர்ட். பன்னிரண்டும் வாங்கினால் குலுக்கலில் ஹார்ட் டிஸ்க். அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். காலை பத்தரைக்குத் தொடங்கிய வரிசை பன்னிரண்டரை வரை நிற்கவில்லை. "அண்ணா சீல்", "அண்ணா சீல்", "ண்ணா இங்க ஒண்ணு". அட்டையை நீட்டுகிற கை, அதற்கு மேல் போனைப் பார்க்கிற முகம். நீங்கள் கொடுத்த ஊதா மைப்பெட்டி அந்த அனலில் காய்ந்துவிட, எங்கள் பையன் ஒருவன் வண்டி எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய் பில் போடும் மைப்பெட்டியை எடுத்து வந்தான். 'பெறப்பட்டது' சீலையும் சேர்த்துக் கொண்டுவந்துவிட்டான். அவசரத்தில் கொஞ்சம் பேருக்கு அதையே குத்தியிருக்கிறோம். உங்கள் கணக்கில் 'பெறப்பட்டது' என்று சில அட்டைகள் வந்திருந்தால் எங்களைத் திட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டு மணி நேரத்தில் முந்நூறு பேருக்குக் குறையாமல் சீல் போட்டிருப்போம். அதில் எங்களிடம் கேள்வி கேட்டவன் ஒரே ஒருவன். ஆனால் கேட்டது கேள்வி.

"உங்க சாஃப்ட்வேர் ஓப்பன் சோர்ஸாண்ணா?"

"இல்ல தம்பி. ஆனா ஓப்பன் சோர்ஸ் மேலதான் கட்டியிருக்கோம்."

"அப்ப நீங்க என்ன திருப்பிக் குடுத்தீங்க?"

எங்களில் மூன்று பேர் மேசைக்குப் பின்னால் இருந்தோம். மூன்று பேரும் மற்ற இரண்டு பேரைப் பார்த்தோம். அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். சீலை வாங்கிக்கொண்டு பத்தாம் நம்பருக்குப் போய்விட்டான்.

அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறோம். எங்கள் தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். 1986-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வேலை; பத்து வருஷம் கழித்து 1996-இல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற இப்போதைய முழுப் பெயர் வந்தது. அதன்மேல் ஜாங்கோ, வலைச் செயலிகள் கட்டுவதற்கான சட்டகம். அது பிறந்தது அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் என்ற சின்ன ஊரில், ஒரு செய்தித்தாள் ஆபீசில். நாளை காலைக்குள் பக்கம் வெளியே வர வேண்டும் என்ற அவசரத்தில் எழுதியதை, 2005-இல் எல்லோருக்கும் திறந்து விட்டார்கள். பெரிய ஊரில் இல்லையே என்று நாம் மூக்கைச் சிந்தும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வோம். சர்வரில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம். இவற்றில் எதற்கும் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. ஜாங்கோவின் திரைச் சொற்களில் தமிழில் இல்லாதவற்றை நாங்களே தமிழாக்கி வைத்திருக்கிறோம், நாலு வருஷமாக, எங்கள் கணினியில் மட்டும். மேலே அனுப்பவில்லை. ஒரு மதியம் போதும், அனுப்பவில்லை.

'அப்ஸ்ட்ரீம்' என்று இந்தத் துறையில் ஒரு சொல் உண்டு. மென்பொருள் எங்கிருந்து வருகிறதோ அந்த மூலம். திருத்தத்தை அங்கே அனுப்பினால் கீழே உள்ள எல்லோருக்கும் வந்து சேரும். பாலாற்றுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மேலே நிறுத்தினால் கீழே என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். 'தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை' என்று ஊரைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கிறோமே, அதில் முதல் பாதி அதுதான். நாங்கள் செய்துகொண்டிருந்தது அதையே தலைகீழாக: கீழே உட்கார்ந்து எடுத்துக்கொண்டே இருப்பது.

போஸ்ட்கிரெஸும் ஜாங்கோவும் வந்திருக்கும் உரிமங்கள், மாற்றியதைக் காட்டு என்று கேட்பதில்லை. ஜிபிஎல் மாதிரி உரிமம் என்றால், நிரலைப் பிறருக்குக் கொடுக்கும்போது மூலத்தையும் கொடுத்தாக வேண்டும். எங்கள் அடுக்கில் சட்டம் எங்களைப் பிடிக்காது. கேட்கவில்லை என்பதற்காகக் கொடுக்காமலே இருந்துவிட்டோம்.

அதற்காக எதுவும் உறைத்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2024 மார்ச் 29, வெள்ளிக்கிழமை. எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் சின்ன நிரலுக்குள் யாரோ திருட்டுக் கதவு வைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் எழுதுபவர்களில் ஒருவர். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் வழியே உள்ளே போக அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டியிருக்கிறார். அரை விநாடி! அந்த நிரலை வருஷக்கணக்காக அநேகமாக ஒரே ஆள் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் களைப்பைப் பயன்படுத்தித்தான் ஒருவன் உதவுகிறேன் என்று உள்ளே வந்தான். அன்று ராத்திரி நாங்கள் வாடிக்கையாளர் சர்வர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எல்லாம் டெபியனின் நிலையான பதிப்பு, அதற்கு அது வரவில்லை, தப்பித்தோம். தூங்கப் போனோம். மறுநாள் பழையபடி.

சரி, மதியத்துக்கு வருகிறோம். இந்த மடலை எழுத வைத்தது அதுதான்.

ஒரு மணி இருக்கும். சாப்பிட்டுக் கை கழுவ நின்ற வரிசை எங்கள் ஸ்டாலை ஒட்டிப் போனது. (கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் போட்டுவிட்டார்களே என்று காலையில் முனகினோம். வாபஸ் வாங்கிக்கொள்கிறோம். அந்த வரிசையில்தான் மனுஷன் அவசரமில்லாமல் நிற்கிறான்.) குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி, ஈரக் கையை உதறிக்கொண்டே, நாங்கள் பார்வைக்கு வைத்திருந்த, தோல் தொகுதிக்கு (லாட்டுக்கு) ஒட்டும் லேபிளைக் குனிந்து பார்த்தார்.

"இன்னாண்ணா, ஊர் பேரு மட்டும் மங்கலா கீது?"

மாட்டிக்கொண்டோம். விஷயம் இதுதான். பச்சைத் தோல் வந்ததிலிருந்து, சுண்ணாம்பு போட்டு, டிரம்மில் சுற்றி, வெட் ப்ளூ ஆகி, க்ரஸ்ட் ஆகி, ஃபினிஷிங் முடிந்து சதுர அடி அளக்கிற வரைக்கும் ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு லேபிள். வெளிநாட்டு வாங்குபவர் இந்தத் தோல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அந்த லேபிளைப் பிடித்துத்தான் பின்னால் போக வேண்டும். அதைத் தமிழில் அடிக்கப் பார்த்தபோது, பிடிஎஃப் கோப்பு உருவாக்க நாங்கள் பயன்படுத்திய நிரலகம் கொம்பை இடம் மாற்றிப் போட்டது. 'பேரணாம்பட்டு' என்றால் இரட்டைக்கொம்பு 'ப'வுக்குப் பின்னால் போய் நிற்கும். 'மேல்விஷாரம்' அதே கதி. யூனிகோடில் மெய்யெழுத்தை முதலிலும் கொம்பைப் பின்னாலும்தான் சேமிக்கிறார்கள். திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது எழுத்தை வடிவமைக்கும் வேறொரு நிரலின் வேலை. அந்த வேலை எங்கள் நிரலகத்தில் நடக்கவில்லை.

நாங்கள் செய்த வைத்தியம் என்ன தெரியுமா? ஊர்ப் பெயர்களைப் படமாக எடுத்து ஒட்டிவிட்டோம். பன்னிரண்டு ஊர், பன்னிரண்டு படம். தோல் ரகத்துக்கு அதுவும் கட்டுப்படியாகவில்லை. வெள்ளாடு, செம்மறி, இரண்டும் ஒற்றைக்கொம்பில் தொடங்குவது எங்கள் தலையெழுத்து. ஆங்கிலத்தில் கோட்டுக்கு ஜி, ஷீப்புக்கு எஸ் என்று ஒற்றை எழுத்துப் போட்டு விட்டுவிட்டோம்.

அவர் சிரிக்கவில்லை. "பிரவுசர்ல சரியா வருதுல்ல? அப்ப பிரவுசர் எத வச்சு பண்ணுது?" என்று மட்டும் கேட்டார். மூன்று வருஷமாக எங்களுக்குத் தோன்றாத கேள்வி.

எங்கள் நிரலாளரும் அவரும் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நிரலைத் திறந்தார்கள். பத்து நிமிஷத்தில் உங்கள் தன்னார்வலர் வந்து, பார்வையாளர்கள் ஸ்டாலுக்குள் உட்காரக் கூடாது என்றார். அவர் மேல் தப்பில்லை, விதி அப்படி. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வெளி வராந்தாவுக்குப் போனார்கள். அங்கேதான், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில், சென்னையிலிருந்து சொந்தச் செலவில் வந்திருந்த டெபியன் ஆர்வலர்களுக்கு நீங்கள் மேசை போட்டிருந்தீர்கள். மின்விசிறி இல்லை. பிளக் பாயிண்ட் இல்லை. முத்திரை அட்டையில் அவர்களுக்குக் கட்டமே இல்லை, ஆகவே காலையிலிருந்து கூட்டமும் இல்லை. ஷூ கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதும் நாங்களே செருப்புக்கு நடுவில் உட்காரக் கூசிய இடம்.

அங்கே ஒருவர் பழைய திங்க்பேடிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "ஹெச்டிஎம்எல்லா எழுதி வீஸிபிரிண்ட்ல குடுங்க. அது உள்ள பாங்கோவைக் கூப்பிடும், பாங்கோ ஹார்ஃப்பஸ்ஸைக் கூப்பிடும். கொம்பு தானா வந்து நிக்கும்" என்றார். வீஸிபிரிண்ட் என்பது வலைப்பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கும் நிரல்; மற்ற இரண்டும் எழுத்தை வடிவமைத்து நிறுத்துபவை. எங்கள் ஸ்டாலிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து, படிக்கட்டில் உட்கார்ந்து, மூன்று பேருமாக மாற்றி எழுதினார்கள். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ். மூன்று மணிக்கு லேபிள் பிரிண்டரிலிருந்து 'வெள்ளாடு' என்று ஒரு துண்டு வந்தது. ஒற்றைக்கொம்பு 'வ'வுக்கு முன்னால்.

எங்கள் அழைப்பில் வந்திருந்த மேல்விஷாரம் வாடிக்கையாளர் ஒருவர் பக்கத்தில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "அது இன்னா பேர் சொன்னீங்க, ஹர்ஃப்பா? உருதுல ஹர்ஃப்னா எழுத்து" என்றார். திங்க்பேட்காரர் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். "கரெக்ட் பாய். பாரசீகத்துல வச்ச பேரு. ஓப்பன்டைப்புங்கற எழுத்துரு வடிவத்தோட பேரை அப்படியே அந்த மொழியில சொன்னது." ஆண்ட்ராய்டு போன், குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ் என்று எல்லாவற்றிலும் நாம் படிக்கும் தமிழை வரிசைப்படுத்தி நிறுத்துவது அந்த நிரல்தான் என்று சொன்னார். பாய் லேபிளைக் கையில் வாங்கிப் பார்த்தார். "டிரம்ல நிக்கிற பசங்களுக்கு ஜி, எஸ் எங்க தெரியும்? இத அப்பவே பண்ணியிருந்தா அந்த ஒரு லாட் கலந்திருக்காது" என்றார். எந்த லாட் என்று எங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி மேலே பேசவில்லை.

அந்த இரண்டு நாளில் உங்கள் மண்டபத்துக்குள் நடந்த கட்டற்ற மென்பொருள் வேலை என்று எங்கள் கண்ணில் பட்டது அது ஒன்றுதான். நடந்த இடம் செருப்பு ஸ்டாண்டு. இரண்டரைக்குப் பெரிய கூடத்தில் க்யூஆர் காட்டி ஓ.டி. (ஆன் டியூட்டி, கல்லூரிக்குக் காட்டும்) வருகை எடுத்தீர்களே, அப்போது அந்த மாணவி படிக்கட்டில் இருந்தார். மாலையில் டி-ஷர்ட் கேட்டுப் போனபோது அட்டையில் நான்கு சீல்தான் இருந்தது. கிடைக்கவில்லை. எங்கள் சீலை மட்டும் எத்தனை முறை குத்திக் கொடுக்க முடியும்?

நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்டால் விண்ணப்பத்தில் நிறுவனத்தின் பெயர், ஜிஎஸ்டி எண், என்ன விற்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டீர்கள். இன்னும் இரண்டு வரி சேருங்கள்: எந்தெந்தக் கட்டற்ற மென்பொருளின்மேல் பிழைக்கிறீர்கள், அதற்கு என்ன திருப்பிக் கொடுத்தீர்கள். பதிலை ஸ்டாலின் பெயர்ப் பலகையிலேயே அச்சடித்து மாட்டுங்கள். 'ஒன்றுமில்லை' என்றால் அதையும். இந்த வருஷம் எங்கள் பலகையில் அதுதான் இருந்திருக்கும். அந்தத் தம்பி வரிசையில் நிற்காமலே படித்துவிட்டுப் போயிருப்பான், எங்களுக்கும் அடுத்த வருஷத்துக்குள் மாற்ற ஒரு வெட்கம் இருந்திருக்கும். வேலைக்கு ஆள் எடுக்கவும் பயிற்சி வகுப்பு விற்கவும் வந்த ஸ்டால்கள் பாதிக்கு மேல். அவர்கள் வரக் கூடாது என்று சொல்லவில்லை. மண்டபத்து வாடகை அவர்களிடமிருந்துதானே வருகிறது. பலகை மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

காசு வாங்காமல் மென்பொருளைக் கவனித்துக்கொள்கிறவர்களுக்கு வாசலுக்கு நேரே, மின்விசிறிக்குக் கீழே, பிளக் பாயிண்டோடு இடம் கொடுங்கள். பிரஸ்ஸல்ஸில் வருஷா வருஷம் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் ஃபாஸ்டெம் என்ற கட்டற்ற மென்பொருள் மாநாடு நடக்கிறது. நுழைவுக் கட்டணமும் கிடையாது, முன்பதிவும் கிடையாது. அங்கே மேசைக்குப் பின்னால் நிற்பவர்கள் அந்தந்த மென்பொருளை எழுதுகிற ஆட்கள். நம் பக்கத்திலேயே, 2023 செப்டம்பரில் டெபியன்காரர்கள் கொச்சியில் மாநாடு நடத்தினார்கள். அதற்கு முந்தின ஒரு வாரம் டெப்கேம்ப் என்று வைத்து, பேச்சு இல்லாமல் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். நமக்கு ஒரு வாரமெல்லாம் வேண்டாம். பந்தி முடிந்ததும் அந்த நீள மேசைகள் சும்மாதானே கிடக்கின்றன? இலையை எடுத்துவிட்டு நாலு மேசையை விடுங்கள். ஸ்டால் போடுகிற ஒவ்வொரு நிறுவனமும் தன் நிரலாளர் ஒருவரை மதியம் முழுக்க அங்கே உட்கார வைக்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். மாணவர் யாராவது ஒரு திருத்தத்தை மேலே அனுப்பி முடித்தால் அப்போது போடுங்கள் சீல். ஊதா மை எங்கள் செலவு.

நாங்களும் வெறும் கையோடு எழுதவில்லை. மாநாடு முடிந்த திங்கட்கிழமை, நாலு வருஷமாகக் கிடப்பில் போட்டிருந்த ஜாங்கோ தமிழ்ச் சொற்களைத் தூசி தட்டி எடுத்தோம். 'பதிவேற்று' என்பதா 'ஏற்று' என்பதா என்று ஆபீசில் ஒரு மணி நேரம் சண்டை. ஒருவழியாக அனுப்பிவிட்டோம், பார்த்துச் சொல்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது. ஊர்ப் பெயர்ப் படங்கள் பன்னிரண்டையும் அழித்தாயிற்று. லேபிள் அச்சடிக்கும் பகுதியை மட்டும் தனியாகப் பிரித்து, மூலநிரலைத் திறந்து வைத்திருக்கிறோம். பங்களித்தோர் பட்டியலில் முதல் பெயர் அந்த மாணவியுடையது, இரண்டாவது திங்க்பேட்காரருடையது. அவர்கள் சம்மதம் கேட்டுத்தான் போட்டோம்.

அந்த மாணவியின் கல்லூரிக்கு ஓ.டி. கடிதம் ஒன்று தேவைப்படுகிறது. இரண்டரை மணிக்கு அவர் எங்கே இருந்தார், என்ன செய்துகொண்டிருந்தார் என்று எங்கள் லெட்டர்ஹெட்டில் எழுதி இந்த மடலோடு உங்கள் ஆபீசுக்கு அனுப்பியிருக்கிறோம். அதில் உங்கள் கையெழுத்தும் சீலும் வேண்டும். டி-ஷர்ட் மிச்சம் இருந்தால் ஒன்று எடுத்து வையுங்கள், நாங்களே வந்து வாங்கிக்கொள்கிறோம். மீடியம் சைஸ்.

இப்படிக்கு,
ஒன்பதாம் நம்பர் ஸ்டால்காரர்கள்,
சத்துவாச்சாரி, வேலூர்.